முதலுதவிக்காரருக்கு வரிசையில் எந்த இடம்?

இங்கிலாந்தின் சுதந்திரக் கால்பந்து ஒழுங்குமுறை ஆணையத்தாருக்கு,

வணக்கம்.

இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்தால், படித்துச் சொல்ல நீங்கள் ஓர் ஆளைத் தேட வேண்டியிருக்கும். பரவாயில்லை, தேடுங்கள். போர்ட்ஸ்மத் அணி மூழ்கிக்கொண்டிருந்த 2009-10 சீசனில் நான் அந்த ஊரில் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் புலம்பியதும் தமிழில்தான், வீட்டுக்கு போன் போட்டு. "பாம்பி திரும்பவும் தோத்துட்டாங்கம்மா" என்பேன். "எங்கடா பாம்பு?" என்று அம்மா பதறுவார். பாம்பி என்பது அந்த ஊருக்கும் அணிக்கும் செல்லப்பெயர் என்று விளக்கி முடிப்பதற்குள் போன் கார்டில் காசு தீர்ந்துவிடும். புலம்பிய மொழியிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2025 ஜூலையில், உங்களை உருவாக்கிய கால்பந்து நிர்வாகச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. கிளப் நடத்த உங்களிடம் உரிமம் வாங்க வேண்டும், வாங்க வருகிறவரின் பணம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம், மைதானத்தை விற்பதென்றாலும் உங்கள் அனுமதி வேண்டும். எல்லாம் நல்லது, பதினைந்து வருஷம் தாமதம் என்பதைத் தவிர. ஆனால் நான் எழுத வந்தது வேறு. ஒரு கிளப் விழுந்த பிறகு, பாக்கி வசூலிக்க அதன் வாசலில் நிற்கிறார்களே, அந்த வரிசையைப் பற்றி.

முதலில் அந்த சீசனைச் சொல்லிவிடுகிறேன். 2008 மே மாதம் வெம்ப்ளியில் கார்டிஃப் அணியை 1-0 என வென்று எஃப்ஏ கோப்பையைத் தூக்கியவர்கள் இவர்கள். கானு அடித்த கோல். அதே ஆண்டு நவம்பரில் இத்தாலியின் ஏசி மிலான் எங்கள் சொந்த மைதானமான ஃப்ராட்டன் பார்க்குக்கு வந்து, 2-0 என்று பின்தங்கி, ரொனால்டினோவின் ஃப்ரீ கிக்காலும் கடைசி நேரத்தில் இன்ஸாகி அடித்த கோலாலும் 2-2 என்று தப்பித்துப் போனது. நான் போய் இறங்கியபோது இதெல்லாம் பழங்கதையாகிவிட்டது. 2009 கோடையில் கிளென் ஜான்சன் லிவர்பூலுக்குப் போனார், கிரவுச்சும் கிராஞ்சாரும் டோட்டன்ஹாமுக்கு, டிஸ்டன் எவர்டனுக்கு. வாடகை கட்ட முடியாதவர் வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றுவது மாதிரி இருந்தது. லீக் தொடங்கி முதல் ஏழு ஆட்டமும் தோல்வி.

ஒரே சீசனில் நான்கு முதலாளிகள். காய்டமாக்கிடமிருந்து ஆகஸ்டில் அல் ஃபாஹிம் வாங்கினார். சில வாரங்களிலேயே பெரும்பங்கு அலி அல் ஃபராஜ் கைக்குப் போயிற்று. இந்த மனிதரை ஃப்ராட்டன் பார்க்கில் பார்த்ததாகச் சொன்ன ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அல் மிராஜ்', அதாவது கானல்நீர். பிப்ரவரியில், கொடுத்த கடன் திரும்பாததால், ஹாங்காங் தொழிலதிபர் பல்ராம் சைன்ராய் கிளப்பை எடுத்துக்கொண்டார். இதற்கிடையில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஒருமுறை அல்ல, பலமுறை தள்ளிப்போனது. கிளப்பையே கலைக்கச் சொல்லி வரித்துறை நீதிமன்றத்துக்குப் போனது. கட்டணம் கட்டாததால் கிளப்பின் இணையதளம் இருண்டு கிடந்தது. 2010 பிப்ரவரி 26 அன்று, நொடித்த நிறுவனத்தைப் பொறுப்பேற்று நடத்தும் நிர்வாகி ஒருவர் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். நாட்டின் உச்சப் பிரிவான பிரீமியர் லீகில் இருக்கும்போதே அந்த நிலைக்குப் போன முதல் கிளப் இதுதான். தண்டனையாக 9 புள்ளி வெட்டு. மார்ச்சில் 85 ஊழியர்களுக்கு வேலை போயிற்று. டிக்கெட் கொடுத்தவர்கள், அலுவலகத்தில் இருந்தவர்கள். அவர்களில் யாரும் யாரையும் கோடிக்கணக்கில் விலைபேசியவர்கள் அல்ல.

நியாயமாகச் சொன்னால், அந்த 9 புள்ளியை வெட்டாமல் விட்டிருந்தாலும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியிருப்போம். வெட்டியது போக 19 புள்ளி, வெட்டாவிட்டால் 28. இரண்டிலும் கடைசி இடம்தான். அதற்காக நான் உங்களிடம் அழவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. ஃப்ராட்டன் ஸ்டேஷனில் இறங்கி, செங்கல் வீடுகளுக்கு நடுவே கூட்டத்தோடு நடந்தால், ஃப்ராக்மோர் ரோட்டின் கோடியில் பழைய சத்திரம் போல வெள்ளையும் கறுப்புமாக ஒரு முகப்பு. உள்ளே ஒருவர் கைமணி ஆட்டுகிறார், நகரமண்டபக் கடிகாரத்தின் மணியோசை மெட்டில் மொத்தக் கூட்டமும் "ப்ளே அப் பாம்பி" என்கிறது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பெரியவர் எழுந்தார், அப்படியே சாய்ந்தார். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற முதலுதவி அமைப்பின் தொண்டர்கள் இரண்டு பேர் படியேறி ஓடிவந்தார்கள். அதில் ஓர் அம்மாளுக்கே ஐம்பத்தைந்து வயதிருக்கும், மூச்சு வாங்கியது. பெரியவரின் நீல ஸ்கார்ஃபை உருவி நாலாக மடித்துத் தலைக்கு அடியில் வைத்தார், பித்தானைத் தளர்த்தினார், நாடி பார்த்தார். எங்களைச் சுற்றி மட்டும் பாட்டு நின்றுவிட்டது. பெரியவர் கண் திறந்து முதலில் கேட்டது ஸ்கோர். "இன்னும் கோலே விழலை, நீங்க ஒண்ணையும் விட்டுடலை" என்றார் அந்த அம்மாள்.

அவர்கள் சம்பளத்துக்கு வருகிறவர்கள் அல்ல. அந்தச் சேவைக்காகக் கிளப் அமைப்புக்கு ஒரு தொகை கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரலில் கிளப்பின் கடன்பட்டியல் வெளியே வந்தது. மொத்தம் சுமார் 12 கோடி பவுண்டு. மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டிய கோடிகளும், ஏஜென்டுகளின் பாக்கியும், வரித்துறையின் பாக்கியும் இருந்த அதே பட்டியலில், 2,700 பவுண்டு அளவில் ஒரு பதிவு: செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ். அந்த அணியின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவரின் ஒரு நாள் சம்பளத்துக்கு வராத தொகை. எனக்கு மடித்து வைத்த ஸ்கார்ஃப்தான் ஞாபகம் வந்தது.

இனி வரிசைக்கு வருகிறேன். 'கால்பந்துக் கடன்காரர் விதி' என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும், எங்கள் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நொடித்துப்போன கிளப் லீகில் தொடர வேண்டுமானால், மற்ற கிளப்புகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தர வேண்டியதை ஒரு பென்ஸ் குறையாமல் தீர்க்க வேண்டும். தொலைக்காட்சிப் பணத்தையே லீக் பிடித்து வைத்து, பாக்கிக்காரக் கிளப்புகளுக்கு நேராகக் கொடுத்துவிடலாம்; அந்த சீசனில் அப்படியும் நடந்தது. மற்றவர்களுக்கு? 2010 ஜூனில் வாக்கெடுப்புக்கு வந்த சமரசத் திட்டத்தில் பவுண்டுக்கு 20 பென்ஸ், அதுவும் ஐந்து ஆண்டுகளில். வரித்துறை எதிர்த்து வழக்குப் போட்டு ஆகஸ்டில் தோற்றது. அரசாங்கத்தின் வரித்துறைக்கே அன்றைக்கு அந்த வரிசையில் முன்னால் இடமில்லை என்றால், அச்சகக்காரரும் பூக்கடைக்காரரும் எங்கே போய் நின்றிருப்பார்கள்? யாராவது மனமிரங்கிக் கொடுத்தால்தான் முழுப்பணமும் உண்டு. அந்த விதி அவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

வரித்துறை விடவில்லை. விதியையே எதிர்த்து கால்பந்து லீக் மீது வழக்குத் தொடுத்து 2012-இல் அதிலும் தோற்றது. ஆனால் தீர்ப்பெழுதிய நீதிபதி, சட்டப்படி விதி நிற்கிறது என்பதை லீகின் அணுகுமுறைக்குத் தாம் தந்த நற்சான்றாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சேர்த்தே சொன்னார். வென்றவர்கள் அந்தப் பகுதியை அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை.

விதிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் வெறும் சப்பைக்கட்டு அல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன். பக்கத்துக் கிளப்பிடம் ஓர் ஆட்டக்காரரைக் கடனுக்கு வாங்கி, அவரை வைத்தே அந்தக் கிளப்பைத் தோற்கடித்து, பிறகு பணம் இல்லை என்று கைவிரித்தால் போட்டி என்பதற்கே பொருளில்லை. ஒருவர் விழும்போது இன்னொருவரையும் இழுத்துக்கொண்டு விழக் கூடாது. சரி. ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. தன் பணம் எப்படியும் வந்துவிடும் என்று தெரிந்த கிளப், நாளை நொடிக்கப்போகும் கிளப்புக்கும் கண்ணை மூடிக்கொண்டு தவணையில் ஆள் விற்கும். யாருக்குக் கடன் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டிய அவசியம் அதற்கில்லை. விசாரித்துப் பார்க்க வசதியுள்ளவர்களுக்கு முழுப்பாதுகாப்பு. சனிக்கிழமை தோறும் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது இல்லை.

மறுபடியும் அந்த சீசனுக்கு வருகிறேன். 2010 ஏப்ரல் 10, சனிக்கிழமை, வெஸ்ட் ஹாம் சண்டர்லேண்டை வென்றது. நாங்கள் ஆடாமலேயே கீழ்ப்பிரிவுக்கு இறங்கினோம். மறுநாள் வெம்ப்ளியில் எஃப்ஏ கோப்பை அரையிறுதி, எதிரில் டோட்டன்ஹாம். அதன் பயிற்சியாளர் யார்? 2008-இல் எங்களுக்குக் கோப்பை வாங்கித் தந்த அதே ரெட்நாப். விடுதிப் பொது அறையில் உட்கார்ந்து பார்த்தோம். கூடுதல் நேரத்தில் டாசன் வழுக்கி விழ, பிகியோன் தட்டிவிட்டார். கடைசியில் போட்டெங் பெனால்டி. 2-0. சம்பளம் எப்போது வரும் என்று தெரியாதவர்கள் ஆடிய ஆட்டம் அது. இறுதியாட்டத்தில் ட்ரோக்பாவின் ஒரு ஃப்ரீ கிக்கில் செல்சியிடம் தோற்றோம். பிறகு இரண்டாவது முறை திவால், நான்காம் பிரிவு வரை சரிவு. 2013-இல் ரசிகர்கள் பங்குக்கு 1,000 பவுண்டு வீதம் போட்டுக் கிளப்பை வாங்கினார்கள், நான்கு வருஷம் கழித்து வாக்கெடுத்து விற்றார்கள். அது தனிக்கதை, இங்கே வேண்டாம்.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2025 அக்டோபர் 24 அன்று ஷெஃபீல்ட் வெட்னஸ்டே என்ற கிளப் நிர்வாகி கைக்குப் போயிற்று. 12 புள்ளி வெட்டியதில் அவர்கள் மைனஸ் 6-இல் நின்றார்கள். நீங்கள் பிறந்த பிறகு நடந்தது இது.

நான் கேட்பது பெரிதல்ல. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்குவது போல, உரிமம் கொடுக்கும்போதே ஒவ்வொரு கிளப்பிடமும் ஒரு தொகையை வாங்கித் தனியே வையுங்கள். கிளப் நொடித்தால் உள்ளூர்ச் சில்லறைப் பாக்கிகள் அதிலிருந்து முதலில் தீரட்டும். கோடிகளின் வரிசை அதற்குப் பின்னால் நகரட்டும். ஆட்டக்காரரின் சம்பளம் தாமதமானால் பத்திரிகையில் வருகிறது, முதலுதவிக்காரரின் பில் தாமதமானால் வருவதில்லை. ஆனால் அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு வீட்டில் பணமுடை என்பது மளிகைக்கடை நோட்டில்தான் முதலில் தெரியும். அந்த நோட்டை நீங்கள் கேட்டு வாங்கிப் பார்த்தால், நிர்வாகி சாவியோடு வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே உரிம விண்ணப்பத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துவிடுங்கள். இடம் போதாவிட்டால் கிளப்பின் சின்னத்துக்கு ஒதுக்கிய கட்டத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். கேள்வி இதுதான்: "உங்கள் மைதானத்தில் முதலுதவிக்கு நிற்பவர்களுக்கு எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாக?"

இப்படிக்கு,
ஃப்ராட்டன் பார்க்கில் ஒரு சீசன் குளிரில் நடுங்கிய முன்னாள் மாணவன்