அட்டையை வெட்டும் முன்: சேலம் மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்தின் மருந்துக் கடை உரிமையாளர்களுக்கும், மருந்தாளுநர்களுக்கும், கத்தரியோடு நின்று மாத்திரை எடுத்துத் தரும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

இந்த மடலை எழுத வைத்தது ஓர் அட்டைத் துண்டு. நான்கு மாத்திரை, நாலு பக்கமும் கத்தரி பட்டது. பின்பக்க வெள்ளித் தாளில் ‘...மரால் டேப்லெட்ஸ்’ என்று பெயரின் வால் மட்டும் மிச்சம். மில்லிகிராம் இல்லை, காலாவதித் தேதி இல்லை. ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கமிருந்து இறங்கி வந்த, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு உள்ள ஒரு பெரியம்மாவின் சுருக்குப் பையில் அது இருந்தது. கூடவே மூன்று மாத்திரையோடு இன்னொரு துண்டு. அதில் ஓர் எழுத்துகூட இல்லை. “இன்னைக்கு இது, நாளைக்கு அது, மாத்தி மாத்திப் போடச் சொன்னாங்க” என்று அவர் முறையைச் சரியாகவே சொன்னார். எது 1 மி.கி., எது 2 மி.கி. என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை, வாங்கிப் பார்த்தவர்களாலும் சொல்ல முடியவில்லை.

பெயரும் மில்லிகிராமும் இல்லாத துண்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். நாங்கள் கேட்பது இதுதான்.

இந்த நோயைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதயத்தின் மேல் அறை சீராகச் சுருங்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். தேங்கும் ரத்தம் அங்கே கட்டியாகும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் ரத்தம் உறையாத மாத்திரை. ஆனால் அந்த மாத்திரையின் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதை ஒரு முறை உங்கள் கல்லா மேசையிலேயே போட்டுப் பாருங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மாத்திரைகளில் ஒன்றான அசினோகூமரால் 1, 2, 3, 4 மி.கி. என்று வருகிறது. ஒருநாள் 2, மறுநாள் 1 என்று மருத்துவர் எழுதினால் வாரத்துக்குச் சராசரி பத்தரை மி.கி. இரண்டு துண்டும் 2 மி.கி.யாகப் போய்விட்டால் 14. இரண்டும் 1 மி.கி.யாக இருந்துவிட்டால் 7. மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, அல்லது குறைகிறது. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்டைப் பார்த்து மருத்துவர் அளவை மாற்றும்போதுகூட வாரக் கணக்கில் 5 முதல் 20 சதவீதம்தான் வழக்கமாக நகர்த்துவார். ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று மாதாமாதம் ஊசி குத்திக்கொண்டு, பேருந்துக்கும் டெஸ்டுக்கும் செலவு செய்கிறார்களே, அத்தனையும் ஒரு கத்தரி வெட்டில் வீணாகிறது. கூடினால் பல் ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், தலைக்குள் கசிவு. குறைந்தால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. வாய் கோணிய பிறகுதான் தெரியும்.

வார்ஃபரின் இதே ரகத்தில் இன்னொரு பழைய மாத்திரை. “அசினோகூமரால் இல்லை, வார்ஃபரின் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்” என்று சில கடைகளில் சொல்லப்படுகிறது. ஒன்றல்ல. ஏறக்குறைய இரு மடங்கு வார்ஃபரின் கொடுத்தால்தான் அசினோகூமராலின் வேலை நடக்கும். 2 மி.கி.க்குப் பதில் அதே 2 மி.கி. கொடுத்தால் பாதி மருந்துதான் உள்ளே போகிறது. தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

ரிவரோக்ஸபான், டபிகாட்ரான் போன்ற புது மாத்திரைக்கு மாறிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு அந்த வழி இல்லை. அப்படிப்பட்டவர்களிடம் ரிவரோக்ஸபானைச் சோதித்து 2022-இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வில் பழைய மாத்திரையே மேல் என்று தெரிந்தது. நம் ஊரில் வால்வு சுருங்கியவர்கள் குறைவில்லை என்பது உங்கள் கடைக்கு வரும் சீட்டுகளிலேயே தெரியும். புது மாத்திரைகளுக்கும் தனிப் பத்தியம் உண்டு. ரிவரோக்ஸபான் 15, 20 மி.கி. சாப்பாட்டோடு போட வேண்டும்; வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது. டபிகாட்ரான் கேப்ஸ்யூல் ஈரத்தை இழுக்கும். அதை அட்டையிலிருந்து பிதுக்கிக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தால், ஏற்காட்டுப் பனியில் ஒரு வாரம் கிடந்த பிறகு என்னவாகும்?

அடுத்தது, வேகமான இதயத் துடிப்பைக் குறைக்கும் டிஜாக்ஸின். வாரம் ஐந்து நாள், சனி ஞாயிறு லீவு என்று எழுதுவது நம் பக்கம் பழைய வழக்கம். வாரக்கூலி வாங்கி வருகிறவர் “ஒரு வாரத்துக்குக் குடுங்க” என்கிறார். பையன் ஏழு மாத்திரை வெட்டிக் கொடுக்கிறான். கையில் ஏழு இருந்தால் ஏழும் வயிற்றுக்குள் போகும். கூடவே நீர் பிரிய ஃப்ரூசமைட் போடுகிறவருக்குப் பொட்டாசியம் இறங்கியிருக்கும். டிஜாக்ஸின் விஷமாக ஏற அது போதும். வாய் குமட்டும், சோறு இறங்காது, பார்வை மஞ்சளாகும், நாடி குறையும். அதற்கும் உங்கள் கடைக்கே வந்து வாந்தி மாத்திரை கேட்பார். ஐந்து நாள் என்று எழுதியிருந்தால் ஐந்தே வெட்டுங்கள்.

முழு அட்டை வாங்கக் காசு இல்லாதவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. நான்கு மாத்திரை கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுக்கிறீர்கள். அது அவர்களுக்குப் பெரிய உதவி. வெட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. வெட்டுகிற விதத்தைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் ஒரு ஓரத்தில் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்தைக் கடைசிவரை விடுங்கள். எதிர் ஓரத்திலிருந்து வெட்டுங்கள். வெட்டிய துண்டில் பெயரும் மி.கி.யும் முழுதாக இருக்கிறதா என்று ஒரு நொடி பாருங்கள். இல்லையென்றால் சிறு கவரில் போட்டு, அதன்மேல் பேனாவால் தமிழில் எழுதுங்கள்: மருந்தின் பெயர், எத்தனை மி.கி., காலாவதி எப்போது, எந்த நாளில் எத்தனை. ஒரே மருந்தில் இரண்டு அளவு வாங்குகிறவருக்கு இரண்டு கவர், ஒன்றாகப் போடாதீர்கள். அடிக்கடி வருகிறவர் என்றால், முழு அட்டையையும் அவர் பெயர் எழுதிய கவரில் கடையிலேயே வைத்து, வாரா வாரம் அதிலிருந்தே வெட்டிக் கொடுக்கலாம். எப்போதும் ஒரே கம்பெனி மருந்து கிடைக்கும், கடைசித் துண்டு எந்த மருந்தின் வால் என்ற குழப்பமும் வராது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பக்கவாதம் வந்தவரைக் கட்டி கரைக்கும் ஊசிக்காக நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். மாரமங்கலத்திலிருந்தோ வாழவந்தியிலிருந்தோ வண்டி பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் நெரிசலைத் தாண்டி வருவதற்குள் அதில் பாதி போய்விடும். வந்ததும் முதல் கேள்வி: “என்ன மாத்திரை, கடைசியா எப்ப போட்டாங்க?” ஐ.என்.ஆர். 1.7-க்கு மேல் இருந்தால் அந்த ஊசி போட முடியாது. புது ரக மாத்திரை என்றால் ஐ.என்.ஆர். அதை நம்பும்படி காட்டவும் காட்டாது. ரத்தக் கசிவாக இருந்தாலும் இதே கதைதான்: பழைய மாத்திரைக்கு வைட்டமின் கே முறிவு, டபிகாட்ரானுக்கு அது வேலைக்கு ஆகாது, இடாருசிசுமாப் என்ற தனி முறிவு மருந்து வேண்டும். மகன் பையைக் கவிழ்க்கிறான். எழுத்தில்லாத ஒரு துண்டு மேசையில் விழுகிறது. அந்த இடத்தில் மருத்துவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

மழைக் காலத்தை வேறு நினைத்துப் பாருங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. அப்படிப்பட்ட நாளில் போனில்தான் அளவைச் சொல்ல முடியும். “பேர் என்ன போட்டிருக்கு?” என்று கேட்டால் “வெள்ளை மாத்திரைங்க” என்று பதில் வரும். அதற்கு மேல் போனில் எதைச் சொல்வது?

சீட்டு இல்லாமல் கொடுக்கும் மருந்துகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூட்டு வலிக்கு அசிக்ளோஃபெனாக், பேதிக்கு மெட்ரனிடசோல், படைக்கு ஃப்ளூகனசோல், சளிக்கு டெர்பூட்டலின் கலந்த சிரப். முதலாவது வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும். அடுத்த இரண்டும் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும், கடைசி அடங்கிய படபடப்பைக் கிளப்பிவிடும். “ரத்தம் உறையாத மாத்திரை போடுறீங்களாம்மா?” என்று ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. பளபளக்கும் தாளில் பெயரைப் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடும் கம்பெனிகள் ஒவ்வொரு மாத்திரைக் குழியின் பின்னாலும் பெயரையும் அளவையும் அச்சிட்டால் இந்த மடலுக்கே வேலையில்லை. முன்னணி 300 மருந்து பிராண்டுகளுக்கு க்யூஆர் கோடு கட்டாயம் என்ற விதி 2023 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது; வெட்டிய துண்டில் அந்தக் கோடு எங்கே இருக்கும்? ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதைக் கிறுக்கலில் எழுதித் தரும் மருத்துவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது, ஐ.என்.ஆர். பார்ப்பதும் அப்படி மலை ஏறி வர வேண்டும். அவர்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டும், எழுதுவோம்.

ஆனால் அந்தப் பெரியம்மா அடுத்த சனிக்கிழமை வந்து நிற்கப்போவது உங்கள் கடையில்தான். அவர் கையில் கொடுக்கும் துண்டில் பெயரும் மில்லிகிராமும் இருக்கட்டும். வெட்டில் போய்விட்டால் கவரில் எழுதிக் கொடுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுச் சிறு கவரும், நூல் கட்டிய ஒரு பேனாவும் வைத்துவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் இதய நோயாளிகளின் மாத்திரைப் பையைத் தினமும் பிரித்துப் பார்ப்பவர்கள்