பூட்டான் கதையின் மறு பாதி: இயேசு சபையினருக்கு ஒரு திறந்த மடல்

தெற்காசிய இயேசு சபைத் தந்தையர்களுக்கு,

வணக்கம். உங்கள் பள்ளியில் படித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். சண்டைக்கு வரவில்லை, பூட்டான் மக்களுக்கு நீங்கள் செய்த பணியின் எழுதப்படாத பாதியை எழுதிவைக்கும் வேலை பாக்கியிருக்கிறது, அதை ஞாபகப்படுத்தத்தான்.

பூட்டான் என்றதும் உங்கள் ஆட்கள் உங்கள் சபைப் பாதிரியார் வில்லியம் மக்கேயைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். பேச வேண்டியவர்தான். மாண்ட்ரியலில் பிறந்து டார்ஜிலிங்கில் பணியாற்றியவர், 1963-ல் பூட்டான் அரசின் அழைப்பை ஏற்று அங்கே போனார். மதம் பரப்புவதற்கல்ல, பள்ளி நடத்துவதற்கு. கிழக்கே டிராஷிகாங்கில் ஆரம்பித்து, பிறகு காங்லுங்கில் 1968-ல் திறந்த ஷெருப்ட்ஸே பள்ளியை வளர்த்தெடுத்தார். அதுதான் பின்னாளில் நாட்டின் முதல் கல்லூரி ஆனது. ஒரு பௌத்த அரசு இந்தப் பாதிரியாருக்கு 1973-ல் உயரிய விருது தந்தது. 1995-ல் திம்புவில் காலமானார்.

நான் கேட்ட பேச்சுகள் எல்லாம் இந்த இடத்தில் கைதட்டலோடு முடிந்துவிடுகின்றன.

அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே நடந்தது இது. 1980-களின் கடைசியில் தெற்கு பூட்டானில் குடியுரிமைக் கணக்கெடுப்பு கெடுபிடியானது. பள்ளிகளில் நேபாளி மொழிப் பாடம் நிறுத்தப்பட்டது. 1990-ல் போராட்டம், கைது. அப்புறம் நேபாளி பேசும் மக்கள் குடும்பம் குடும்பமாக வெளியேற்றப்பட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கிழக்கு நேபாளத்தில் ஜாபா, மொரங் மாவட்ட முகாம்களில் ஒதுங்கினார்கள். ஏழெட்டு லட்சம் பேரே உள்ள நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய எண்ணிக்கை!

அந்த முகாம்களில் பள்ளி நடத்தியதும் நீங்கள்தான், கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸ் நேபாளத்தோடு சேர்ந்து. பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அகதிகளே, பூட்டானின் ஆங்கிலவழிப் பள்ளிகளில் படித்தவர்கள். என்றாவது ஊர் திரும்புவோம் என்ற நம்பிக்கையில் பிள்ளைகளுக்கு பூட்டானின் தேசிய மொழியான சோங்காவும் கற்பித்தார்கள். தங்களை வேண்டாம் என்ற அரசின் மொழி அது! என்னைக் கேட்டால், காங்லுங்குக்குக் கொஞ்சமும் குறையாத பணி இது. விருதுதான் வரவில்லை.

மன்னர் குடும்பத்தின் மனம் கோணக்கூடாது என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம், புரிகிறது. அதற்காக மக்கேயின் பள்ளியையும் முகாம் பள்ளிகளையும் வேறு வேறு கதையாக வைத்துக்கொள்வது சரியா?

எழுதி வைப்பதில் உங்கள் சபையை மிஞ்ச ஆளில்லை. 1627-ல் பூட்டான் போன உங்கள் சபைப் பாதிரியார் எஸ்தேவாவ் காசெல்லா, தான் சந்தித்த ஷப்துரூங்கின் (பூட்டானை ஒரே நாடாக்கிய லாமா) தாடி முதற்கொண்டு விவரித்து சபையின் மலபார் பிரிவுத் தலைவர் ஆல்பர்ட்டோ லயர்சியோவுக்கு மடல் அனுப்பினார். (மதுரையில் தத்துவ போதகர் ராபர்ட் டி நோபிலிக்குத் துணை நின்ற அதே லயர்சியோதான்.) அன்றைய பூட்டானைப் பற்றி எழுத வரும் எவரும் இன்றும் அந்த மடலைத் தேடிப் போகிறார்கள்.

காங்லுங்கும் ஜாபாவும் ஒரே நூலில் வரட்டும். முகாம் ஆசிரியர்களில் பலர் 2007-க்குப் பிறகு அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று சிதறிவிட்டார்கள், வயதும் ஏறுகிறது. அவர்களைத் தேடிப் பிடித்துக் குரல்களைப் பதிவு செய்யுங்கள். நேபாளியில் சொல்பவர்களிடம் நேபாளியிலேயே கேளுங்கள், ஆங்கிலச் சுருக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்