காலையில் மூலப்பெயர், மாலையில் பிராண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவச் செலவு ஏறிக்கொண்டே போகிறது என்ற பேச்சு வந்தாலே காப்பீடு, தனியார் ஆஸ்பத்திரி பில், அரசின் நிதி ஒதுக்கீடு என்று சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மருத்துவர் எழுதித் தரும் சீட்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு அதுதான் தினமும் கண்ணில் படுகிறது.

சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் மாதா மாதம் மாத்திரை வாங்க வரும் பெரியவர்கள் சீட்டை நீட்டிவிட்டு, "இதுலயே விலை கம்மியா வேற கம்பெனி இருக்கா தம்பி?" என்பார்கள். இருக்கும். அதே மருந்து, அதே மில்லிகிராம், பக்கத்துத் தட்டிலேயே பல நேரம் பாதி விலைக்கு இருக்கும். ஆனால் சீட்டில் இருப்பது மருந்தின் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர், அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) அல்ல, ஒரு கம்பெனி வைத்த பிராண்டு பெயர், அதை நானாக மாற்றிக் கொடுக்க மருந்து விதிகளில் இடமில்லை. "டாக்டர்கிட்டயே கேட்டுட்டு வாங்கய்யா" என்பேன். அவர் போய்க் கேட்க மாட்டார், அது எனக்கும் தெரியும். பதினைந்து நாளுக்கு மட்டும் கொடு என்று அட்டையைப் பாதியாக வெட்டி வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

மூலப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலைக்கு விற்க 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது, அதே வேலையைச் செய்யும் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் இருக்கின்றன, இரண்டும் நல்ல காரியம்தான். ஆனால் சீட்டில் பிராண்டு பெயர் இருந்தால் அங்கே போயும் பிரயோசனமில்லை, அங்கிருக்கும் மருந்தாளுநருக்கும் இதே விதிதான்.

2023 ஆகஸ்டில், மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையம், சீட்டில் மூலப்பெயரில்தான் எழுத வேண்டும், மீறினால் நடவடிக்கை என்று விதி கொண்டுவந்தது. இந்திய மருத்துவச் சங்கம் எதிர்த்தது, அந்த மாதமே விதி நிறுத்திவைக்கப்பட்டது. மருந்தின் தரத்துக்கு யார் பொறுப்பு என்று மருத்துவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் பிராண்டு என்றால் தரம் என்று யார் சொன்னது? 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, அது பிராண்டு பெயரில் விற்ற சரக்குதானே!

அப்புறம் இன்னொன்று. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995-லிருந்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மூலப்பெயரில்தான் டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது, ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிய பிறகுதான் நோயாளிக்குப் போகிறது. காலையில் ஜி.எச். ஓ.பி.யில் உட்கார்ந்து அந்த மருந்தை நம்பி எழுதுகிறவர்களில் பலர்தான் மாலையில் சொந்தக் கிளினிக்கில் பிராண்டு எழுதுகிறார்கள். காலையில் இருந்த நம்பிக்கை மாலைக்குள் எங்கே போகிறது? வாசலில் டோக்கன் போட்ட நோயாளிகளுக்கு நடுவே பையோடு நிற்கும் மருந்துக் கம்பெனி ரெப்களைப் பார்த்தால் ஓரளவு புரியும். (அவர்களையும் திட்ட மனமில்லை, டார்கெட் அவர்கள் கழுத்தில்.)

அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் கதையும் இப்படித்தான். லட்சத்துக்கு மேல் விற்றதும் உண்டு, 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வந்தது. அதற்காக நீதிமன்றம் போனவர் டெல்லியில் ஒரு வழக்கறிஞர். அதை தினமும் கையில் எடுத்துப் பொருத்தியவர்களுக்கு விலை தெரியாதா என்ன?

மருத்துவர்களால் முடியாது என்று சொல்லவில்லை. பணி ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி ஒரு மருத்துவர்தான். கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992-ல் லென்ஸ் தயாரிக்கவே அங்கே ஒரு பிரிவு வந்துவிட்டது. அரசாணைக்காக யாரும் காத்திருக்கவில்லை.

எனவே மருத்துவச் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்கு ஒரு கோரிக்கை. விதி நிறுத்திவைக்கப்பட்டிருந்தால் இருக்கட்டும், பிராண்டுக்குக் கீழே மூலப்பெயரையும் எழுதி, 'இதே மருந்து வேறு கம்பெனியிலும் தரலாம்' என்று ஒரு வரி சேர்க்கும்படி உறுப்பினர்களிடம் சொல்லுங்கள். கூடவே, மருத்துவப் பணிகள் கழகம் செய்வதைப் போன்ற பரிசோதனை கடைகளுக்கு வரும் மருந்துக்கும் வேண்டும் என்று அரசை நெருக்குங்கள். அதற்காகப் போராட்டம் நடத்தினால் எங்கள் கடையில் ஒரு நாள் ஷட்டரை இறக்கிவிட்டு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திருச்சி