மூர்த்திக்கு, பாஸ்வேர்டு பத்தி

டேய் மூர்த்தி,

உன் மெயில் கிடைச்சுது. பொண்ணுக்கு வரன் முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம்டா, தங்கச்சி முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு?

உன் மச்சான் வாட்ஸ்அப் பறிபோன கதையைப் படிச்சதும் மனசு கேக்கல. தெரிஞ்சவர் நம்பர்லேர்ந்து "ஆறு நம்பர் கோடு தப்பா உங்களுக்கு வந்துடுச்சு, அனுப்புங்க"ன்னு வந்தா அது நம்ம வாட்ஸ்அப்பையே திறக்கிற கோடுன்னு தெரியாம யாரா இருந்தாலும் அனுப்பத்தான் செய்வாங்க, அவரைத் திட்டாத. உன் போன்ல இன்னைக்கே செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போய் ஒரு பின் போட்டுடு, கோடு கைமாறினாக்கூட அந்த பின் இல்லாம உடனே உள்ள வர முடியாது. மச்சான் பேர்ல திருடன் கேட்டு பணம் யாராவது அனுப்பியிருந்தா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு போன் போடச் சொல்லு, லேட்டாக லேட்டாக பணம் கை மாறிப் போயிடும்.

ஆனா நான் பயப்படுறது உன் ஜிமெயிலுக்குத்தான். பேஸ்புக், ஷாப்பிங் சைட்டுன்னு எதுல "பாஸ்வேர்டு மறந்துட்டேன்"னு அழுத்தினாலும் பெரும்பாலும் லிங்க் அங்கதான வருது? எல்லாச் சாவியும் தொங்குற ஆணி அது. நீ அதுக்கும் புடவைக் கடை சைட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வச்சிருக்கேன்னு எழுதியிருக்க. கடைக்காரன் டேட்டா லீக் ஆனா திருடனுங்க அந்த மெயில் ஐடி பாஸ்வேர்டை அப்படியே எடுத்து நூறு சைட்ல மெஷினை விட்டுப் போட்டுப் பாப்பானுங்க. 2009ல ராக்யூன்னு ஒரு கம்பெனிலேர்ந்து 3.2 கோடி பாஸ்வேர்டு வெளிய வந்துச்சு, எதையும் மறைச்சுக்கூட வைக்கல அவங்க, அதுல கிட்டத்தட்ட 2.9 லட்சம் பேர் வச்சிருந்தது வெறும் 123456. அந்த லிஸ்ட்தான் இன்னிக்கும் பாஸ்வேர்டு உடைக்கிறவங்களுக்குப் பாடப்புத்தகம்.

அப்புறம் இந்த பெரிய எழுத்து, நம்பர், அட் குறின்னு ஆபீஸ்ல உயிரை எடுத்தாங்களே, அதை 2003ல அமெரிக்காவுல நிஸ்ட்ங்கிற அரசாங்கத் தர நிர்ணய அமைப்புக்காக எழுதினவர் பில் பர். 2017ல அவரே அதுக்கு வருத்தப்பட்டார், நிஸ்ட்டும் அந்த வருஷமே நீளம்தான் முக்கியம்னு மாத்திடுச்சு. அதனால சம்பந்தமில்லாத நாலஞ்சு தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல சேத்து அடி, திண்ணை முருங்கை சைக்கிள் ஊறுகாய் தபால் மாதிரி (இதையே போட்டுடாத!). பேரன் பேரு, வண்டி நம்பர், குலதெய்வம், திருக்குறள், சினிமா பாட்டு எதுவும் வேணாம், யூகிச்சுடுவாங்க.

சைட்டுக்கு ஒண்ணுன்னா எப்படி ஞாபகம் வச்சுக்கிறதுன்னு கேப்ப. பிட்வார்டன்னு ஒரு ஆப் இருக்கு, ஃப்ரீதான், அது பாத்துக்கும். அது கஷ்டம்னா ஒரு நோட்டுல எழுதி பீரோல வை, நிஜமாத்தான் சொல்றேன், ரஷ்யாவுல உக்காந்திருக்கிறவன் உன் பீரோவைத் திறக்க மாட்டான், ஆனா போட்டோ எடுத்து போன்ல வைக்காத.

ஜிமெயில்ல ரெக்கவரி நம்பர் உன் பழைய நம்பராவே கிடக்கான்னும் பாரு, ரீசார்ஜ் பண்ணாம விட்ட நம்பர் இந்நேரம் வேற யார் கையிலயாவது இருக்கலாம். ஜிமெயில்லயும் டூ ஸ்டெப் ஆன் பண்ணிட்டு, போன் கையில இல்லாதப்ப உள்ள போறதுக்கான பேக்கப் கோடு கேட்டு வாங்கிக்கோ, பத்து குடுப்பான், அதையும் ஒரு நோட்டுல எழுதி பீரோல வை.

கல்யாணத்துக்கு முந்தின வாரமே வந்துடுறேன், பத்திரிகை வேலை ஏதாவது இருந்தா சொல்லு.

அன்புடன்,
ரவி