அகஸ்டஸின் பேரன்கள்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தி படித்து வீடே மகிழ்ந்தது. இங்கே எல்லோரும் நலம். அக்காவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, இப்போது தானே பேப்பர் படிக்கிறார்.

ரோமானியக் காசுகளில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டிருந்தாய். யோசிக்கவே வேண்டாம். ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 2 முதல் லுக்டுனத்தில், அதாவது இன்றைய பிரான்சின் லியோனில், அடித்த வெள்ளி தெனாரியஸ்தான். முன்பக்கம் இலைமாலை சூடிய அவர் தலை. பின்பக்கம் டோகா உடுத்திய இரண்டு இளைஞர்கள்: கையஸ், லூசியஸ். மகள் ஜூலியா பெற்ற பிள்ளைகள். அகஸ்டஸ் தனக்கே மகன்களாகத் தத்தெடுத்துக்கொண்டார். இருவருக்கும் நடுவே கேடயங்கள், ஈட்டிகள். ‘இளைஞர்களின் தலைவர்’ என்று ஏற்று, குதிரைவீரர் வகுப்பினர் வெள்ளியில் செய்து கொடுத்தவை அவை. அவற்றுக்கு மேலே உற்றுப் பார்த்தால் சின்னதாக ஓர் அகப்பையும் நுனி சுருண்ட கோலும் தெரியும். அகப்பை, சடங்கில் மது வார்ப்பது. அது மதகுரு பதவியில் இருந்த கையஸுக்கு. கோல், பறவை பார்த்து நிமித்தம் சொல்கிறவர்களுடையது, அது லூசியஸுக்கு. எனக்குப் பிறகு இவர்கள்தான் என்பதை எழுத்துக் கூட்டத் தெரியாத சிப்பாய்க்கும் புரியவைத்துவிட்டார்.

ஆனால் லூசியஸ் கி.பி. 2-இல் மசிலியாவில், அதாவது இன்றைய பிரான்சின் மார்செய்யில், இறந்துபோனான். ஆர்மீனியாவில் பட்ட காயம் ஆறாமல் கையஸும் கி.பி. 4-இல் போய்விட்டான். அதே ஆண்டு அகஸ்டஸ் திபேரியஸைத் தத்தெடுத்தார். அந்தக் கிழவரை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

நம் கொங்கு நாட்டுப் புதையல்களில் அதிகம் கிடைப்பது இந்தக் காசும் அடுத்து வந்த திபேரியஸ் காசும்தான். அந்தப் பிள்ளைகள் யார் என்பது இங்கே யாருக்கு வேண்டும்? வெள்ளி சுத்தமா என்றுதான் பார்த்திருப்பார்கள். புதுக்கோட்டைப் பக்கம் 1898-இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்தின் மேலேயே உளிவெட்டு இருக்கிறது. இனி இது காசாகச் செல்லாது, பொன்னாக மட்டும் இருக்கட்டும் என்று வெட்டியிருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது. முலாம் பூசிய காசா என்று பார்க்க வெட்டியிருக்கலாம் என்றும் ஒரு பேச்சு உண்டு.

நீ நாற்பது வருஷம் பட்டறையில் பொன்னோடு இருந்தவன். சோதித்துப் பார்க்கிறவன் முகத்தின் குறுக்கே வெட்டுவானா, ஓரத்தில் வெட்டுவானா? விவரமாக எழுது. குழந்தையின் போட்டோவும் அனுப்பு.

அன்புடன்,
ராமு