வாய்தா வரை காத்திராத கெடுக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிவில் வழக்கில் எதிருரை (வழக்குக்குப் பிரதிவாதி தரும் எழுத்துப் பதில்) தாக்கல் செய்ய 30 நாள், நீதிமன்றம் காரணத்தை ஏற்றால் 90 நாள் வரை என்பது கோர்ட் வாசலை மிதித்த பலருக்கும் தெரியும். அதன் பிறகு எதிர்த்தரப்பிலிருந்து வரும் வினாக்களுக்கும் அறிவிப்புகளுக்கும் பதில் தருவதற்கான சின்னக் கெடுக்களில்தான் கடலூர் மாவட்டக் கட்சிக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். "அடுத்த வாய்தாவில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வந்த தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். வாய்தா நாலு வாரம் தள்ளி இருக்கும். கெடுவோ பத்து நாளில், சிலவற்றுக்கு ஏழே நாளில் முடிந்துவிடும்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 11-இன்படி ஒரு தரப்பு நீதிமன்ற அனுமதி பெற்று மறுதரப்புக்கு எழுத்து வினாக்கள் கொடுக்கலாம். இவற்றுக்குப் பதிலைப் பிரமாணப் பத்திரமாக 10 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நீதிபதி வேறு கெடு தந்திருந்தால் அதுவே கணக்கு. வினாக்கள் தொல்லை தருவதற்கென்றே கேட்கப்பட்டவை என்றால், அவற்றை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு 7 நாள்தான். ஒரு கேள்வி வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்றாலும் பேசாமல் இருந்துவிடக் கூடாது. அந்த ஆட்சேபத்தையே பதில் பத்திரத்தில் அந்தக் கேள்வியின் எண்ணுக்கு நேரே எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் "தெரியாது", "ஞாபகமில்லை" என்று எழுதித் தந்தால், முழுப் பதில் தரும்படி இதே கட்டளையின் விதி 11-இல் உத்தரவு வரும். கூண்டில் ஏறி வாய்மொழியாகச் சொல்லும்படியும் நீதிபதி உத்தரவிடலாம்.

அதிகம் ஏமாறுவது கோர்ட் முத்திரை இல்லாமல் வரும் தாளில்தான். அனுமதி பெறாத கேள்விப் பட்டியலுக்கு இந்த 10 நாள் கெடு கிடையாது, உண்மைதான். ஆனால் வேறு சில அறிவிப்புகளுக்கு நீதிமன்ற அனுமதியே தேவையில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் நேராகக் கொடுக்கலாம். வழக்குரையிலோ (வாதி வழக்கு போடும்போது தரும் எழுத்து) எதிருரையிலோ நீங்கள் குறிப்பிட்ட ஆவணத்தைக் காட்டச் சொல்லி அறிவிப்பு வந்தால், 10 நாளுக்குள் நாளும் நேரமும் குறித்துப் பதில் தர வேண்டும். அந்தப் பதில் கொடுத்த 3 நாளுக்குள் உங்கள் வக்கீல் அலுவலகத்தில் அவர்கள் பார்வையிட வழி செய்ய வேண்டும். காட்டாத ஆவணத்தைத் தக்க காரணம் சொல்லாமல் பின்னால் உங்கள் சாட்சியமாக நீங்களே கொடுக்க முடியாது. பாகப்பிரிவினை வழக்கில் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கட்டளை 12-இல் வரும் அறிவிப்பு இன்னும் குறுகியது. ஓர் ஆவணத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னால் 7 நாள். மறுக்காமல் விட்டால் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். குறிப்பிட்ட சங்கதிகளை ஒப்புக்கொள்ளச் சொன்னால் 6 நாள். அதில் தவறினால் அவற்றை நிரூபிக்கும் செலவு உங்கள் தலையில் விழும்.

தாள் கிடைத்த நாளை விட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். ஜனவரி 5 கிடைத்தால் 15-ஆம் தேதி பத்தாம் நாள். அன்று பொங்கல் விடுமுறை என்பதால் கோர்ட் திறக்கும் அடுத்த நாள் தாக்கல் செய்யலாம். வக்கீலிடம் கொடுத்தாலே கட்சிக்காரரிடம் கொடுத்ததாகத்தான் அர்த்தம். மஞ்சக்குப்பத்தில் வக்கீல் திங்கள்கிழமை வாங்கிய தாள் விருத்தாசலத்தில் இருப்பவருக்கு வியாழக்கிழமை தெரிந்தால், மூன்று நாள் போனது போனதுதான்.

நாள் போதாவிட்டால் அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 148-இல் அவகாச மனு போடலாம். கெடு முடிந்த பிறகும் போடலாம் என்றாலும், முன்பே போடுவதுதான் மதிப்பு. உத்தரவிட்டும் பதில் தராதவர் வாதியானால் வழக்கு தள்ளுபடியாகலாம், அதே காரணத்துக்குப் புதிய வழக்கும் போட முடியாது. பிரதிவாதியானால் எதிர்வாதம் நீக்கப்படலாம். வேண்டுமென்றே செய்த தவறுக்குத்தான் இந்தக் கடைசி ஆயுதம் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் பப்பர் தையல் இயந்திர நிறுவன வழக்கில் சொல்லியிருக்கிறது. இப்படித் தள்ளுபடி செய்யும் அல்லது எதிர்வாதத்தை நீக்கும் உத்தரவின் மீது மேல்முறையீடும் உண்டு. ஆனாலும் அந்த நிலைக்குப் போவானேன்?

பண்ருட்டி முந்திரி வியாபாரிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிக வழக்கானால் வணிக நீதிமன்றச் சட்டத்தின் விதிகள் வரும். எதிருரைக்கு உச்சவரம்பு 120 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது. எதிருரை தாக்கலான நாளிலிருந்து 30 நாளில் ஆவணப் பார்வை முடிய வேண்டும். அது முடிந்த 15 நாளில் எந்த ஆவணத்தை ஒப்புக்கொள்கிறோம், எதை மறுக்கிறோம் என்ற அறிக்கை தர வேண்டும். சிட்டையும் பில்லும் கிடங்கில் எங்கோ கிடக்கும் வியாபாரிக்கு இந்த அவகாசம் போதாது. வழக்கு போடும்போதே அவற்றை வரிசைப்படுத்தி வைக்க வேண்டும்.

இந்தத் தாள்களின் முதல் பக்கத்தில் "பதில் தரக் கடைசி நாள்" என்று தமிழில் தேதி எழுதித் தருவதை வழக்கறிஞர் சங்கங்கள் வழக்கமாக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இந்தக் கெடுக்களை ஒரே பக்கத் துண்டறிக்கையாக அச்சிட்டு கடலூர், சிதம்பரம், பண்ருட்டி நீதிமன்ற வளாகங்களில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிவில் வழக்கறிஞர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.