உபயோகத்துல இல்லாத ஆர்மோனியம் ஒண்ணு: எங்க சபை கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயர் அவர்களுக்கும், செகரட்டரி அண்ணன், பொருளாளர் மாமா, மத்த கமிட்டி பெரியவங்க எல்லாருக்கும் தோத்திரம்.

போன ஞாயித்துக்கிழமை அறிவிப்பு வாசிச்சீங்க. தை கடைசியில வர்ற அறுப்பின் பண்டிகைக்கு ஏலத்துக்கு என்னென்ன வருதுன்னு லிஸ்ட். நெல்லு மூட்டை, நாட்டுக்கோழி, பரங்கிக்காய், வாழைத்தாரு, ரெண்டு பழைய ஃபேன், அதுக்கடுத்து "உபயோகத்துல இல்லாத ஆர்மோனியம் ஒண்ணு". வாசிச்சவர் ஃபேனுக்கும் ஆர்மோனியத்துக்கும் நடுவுல மூச்சு கூட விடல. எனக்குப் பின்னாடி பெஞ்சுல இருந்த பாட்டி "எந்த ஆர்மோனியம்டி, நம்ம பெட்டியா?"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லல. சொல்லியிருந்தா ஆராதனை நடுவுல சத்தம் போட்டிருப்பேன்.

உபயோகத்துல இல்லதான், ஒத்துக்கிறேன். ரெண்டு வருஷமா சனிக்கிழமை கீர்த்தனை வகுப்பை நிறுத்தி, பெட்டியை வெஸ்ட்ரி ரூம்ல வச்சுப் பூட்டி, சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டா அவரைக் கேளு இவரைக் கேளுன்னு அனுப்பினா அது எப்படிங்க உபயோகத்துல இருக்கும்? நான் கேக்கறது ரெண்டே ரெண்டுதான். அந்தப் பெட்டியை ஏலத்துல விடாதீங்க. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கோயிலைத் திறந்து விடுங்க.

இதை இப்ப ஏன் பெருசு பண்றேன்னு நினைப்பீங்க. நவம்பர்ல கீழத்தெரு ஆயாவை அடக்கம் பண்ணினோம்ல, நீங்கள்லாம் இருந்தீங்க. ஆயாவுக்கு எழுத்து தெரியாது, கையெழுத்து கூட கட்டைவிரல்தான். ஆனா கீர்த்தனை புத்தகத்தைத் தலைகீழா பிடிச்சுக்கிட்டு அஞ்சு சரணமும் ஒரு வார்த்தை விடாம பாடும். அதுக்குத் தெரிஞ்ச பைபிள் பூராவும் பாட்டா தெரிஞ்சதுதான், ஆபிரகாம், யோசேப்பு, கெட்ட குமாரன் எல்லாம் ராகத்தோடதான் அதுக்குள்ள இருந்தாங்க. அப்படிப்பட்ட மனுஷிய வீட்லேர்ந்து வாய்க்கா கரை வழியா கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போறோம், ஒருத்தர் வாயிலேர்ந்தும் பாட்டு வரல. வேன்ல ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் கட்டி, யாரோ ஒரு தம்பி செல்லுல யூடியூப்ல போட்டு விட்டான். ரெண்டாவது சரணம் முடிஞ்சு மூணாவது எடுக்கறதுக்குள்ள விளம்பரம். பைபாஸுக்குப் பக்கத்துல மனை, உடனடி பத்திரப்பதிவு, இஎம்ஐ வசதி உண்டுன்னு ஒரு ஆளு சந்தோஷமா கத்தறான். ஆறடி மனைக்குப் போற ஆயாவைத் தூக்கிக்கிட்டு நிக்கிறோம்ங்க. ஸ்கிப் பண்ணுடான்னு தம்பியை அதட்டறாங்க, அவன் கை நடுங்குது, விளம்பரம் முழுசா ஓடித்தான் நின்னுச்சு.

குழிகிட்ட என்னால முடியாம நானே எடுத்தேன். பதட்டத்துல சுதிய ஆறு கட்டைக்கு மேல எடுத்துட்டேன் போல, அனுபல்லவியில தொண்டை உடைஞ்சு போச்சு. மூணு பாட்டிங்க கூட சேர்ந்து இழுத்துப் பிடிச்சாங்க. ஆயாவோட பேத்திக்கு பதிமூணு வயசு, எட்டாவது படிக்குது, என் கையைப் பிடிச்சுக்கிட்டு "அத்தை, எனக்கு இந்தப் பாட்டு தெரியலயே"ன்னு அழுவுது. பாட்டி செத்ததுக்கு அழுததை விட இதுக்குத்தான் அதிகமா அழுதுச்சு. அது ஞாயிறு தவறாம கோயிலுக்கு வர்ற பொண்ணு, ஸ்க்ரீனைப் பார்த்துப் பாடற பொண்ணு. ஸ்க்ரீன் இல்லாத எடத்துல அதுக்குள்ள ஒண்ணும் இல்லாமப் போனதுக்கு அந்தப் பிள்ளையா பொறுப்பு?

எங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு சொல்றேன், உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், என் பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டவங்கதான் நீங்க. சனிக்கிழமை நாலு மணி ஆனா பெட்டி வாத்தியார் சைக்கிள் சத்தம் கேக்கும். பெட்டியைத் திறந்ததும் முதல்ல ஒரு பழைய துணி வாசனை வரும், எலி கடிச்ச துருத்திக்கு வேட்டித் துணிய ஒட்டுப் போட்டு வச்சிருப்பார். புத்தகத்துல பாட்டுக்கு மேல சின்ன எழுத்துல செஞ்சுருட்டி, ரூபகம்னு ராகம் தாளம் பேரு போட்டிருக்கும்ல, அதை முதல்ல வாசிக்கச் சொல்வார், எங்களுக்கு என்ன எழவு புரியும், ஆனா தொடையில தாளம் போட்டே ஆகணும். அப்புறம் எல்லாரையும் ஒரு ஸ்வரம் பிடிக்கச் சொல்லிட்டு எங்க தொண்டைக்கு எது வருதோ அந்தக் கட்டையில பெட்டியை வைப்பார். சரணம் நீளமா இருந்தா எங்களுக்கு மூச்சு வாங்கும், அவர் விரல் அப்படியே காத்துக்கிட்டு நிக்கும், நாங்க மூச்சு எடுத்த பிறகுதான் அடுத்த அடி. நீங்க இப்ப போடற டிராக்கு எந்த ஸ்டூடியோவுலயோ யாரோ ஒரு பாடகர் தொண்டைக்கு வச்சது. அது நமக்காக நிக்காது. அதான் பாட்டிங்க ரெண்டாவது வரியிலேயே வாயை மூடிக்கிறாங்க, கவனிச்சிருக்கீங்களா?

வகுப்பு முடிஞ்சதும் வாத்தியார் எங்களை நேரா வீட்டுக்கு விட மாட்டார். ஊர்ல யார் படுக்கையில கிடக்கறாங்களோ அவங்க வீட்டுக்கு நடத்திக்கிட்டுப் போயி அன்னைக்குக் கத்துக்கிட்ட பாட்டைப் பாட வைப்பார். அப்படி ஒரு சனிக்கிழமை, எனக்குப் பதினோரு வயசு, ஒரு அம்மா எட்டு மாசமா படுத்த படுக்கை, முதுகுல புண்ணு. நாங்க பாடிக்கிட்டு இருக்கும்போதே அவங்க மக அவங்களைப் புரட்டிப் போட்டுத் துடைக்குது, மத்த பிள்ளைங்க மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுது. வாத்தியார் என்கிட்ட "நீ பாட்ட நிறுத்தாத, அந்த பேசினை மட்டும் பிடி"ன்னார். பிடிச்சேன். அன்னைக்குப் பிடிச்ச பேசினை இன்னும் கீழ வைக்கல, பத்தொம்பது வருஷமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். அழைப்பு அழைப்புன்னு கன்வென்ஷன்ல கைய தூக்கச் சொல்றீங்க, எனக்கு அழைப்பு வந்தது பேசினோட.

வேலைல பார்த்த ஒண்ணையும் சொல்லிடறேன். பக்கவாதம் வந்து இடது பக்க மூளை அடிபட்டா பல பேருக்குப் பேச்சு போயிடும். தஞ்சாவூர்ல எங்க வார்டுல ஒரு பெரியவர், தன் பேரைச் சொல்ல முடியல, தண்ணி வேணும்னு கேக்க முடியல, வாயைத் திறந்தா ஒரே சத்தம்தான். ராத்திரி டூட்டியில ட்ரிப்ஸ் மாத்திக்கிட்டே நான் பழக்கத்துல ஒரு கீர்த்தனைய முணுமுணுத்தேன். பின்னாலேர்ந்து அடுத்த வரி வந்துச்சு. வார்த்தை வார்த்தையா, சுத்தமா. பேசறதுக்குத்தான் மூளையில இடது பக்கம் முக்கியமா வேணும், பாட்டுக்கு வலது பக்கமும் கை குடுக்கும்னு டாக்டர் விளக்கினார். சரிதான். ஆனா உள்ள பாட்டு இருந்தாத்தானே வெளிய வரும், அதைப் பத்து வயசுல ஒருத்தர் உக்காந்து போட்டிருக்கணும்ல.

நீங்க எல்இடி வால் வாங்கினதைக் குத்தம் சொல்ல வரல. கீபோர்டு, டிரம்ஸ் எதுவும் எனக்கு எதிரி கிடையாது, என் பையனே ரிதம் பேடு வாசிக்கிறான். ஆனா அவ்வளவு பெரிய ஸ்க்ரீன்ல "மீட்பரே"ங்கற வார்த்தை மூணு வாரமா "மீட்டரே"ன்னு ஓடுது, மொத்த சபையும் மீட்டரே மீட்டரேன்னு கண்ணை மூடிப் பாடுது, கரண்ட் பில்லு ஏறிப்போச்சுன்னு கமிட்டில புலம்பினதுக்கு வேண்டுதல் போலன்னு நினைச்சுக்கிட்டேன். புத்தகம் கையில இருந்த காலத்துல இந்தத் தப்பு நடந்திருக்குமா? வெளியூர்லேர்ந்து ஒர்ஷிப் டீமுக்கு வண்டிக் காசு, சாப்பாடு, கவர் எல்லாம் குடுக்க முடியுது, துருத்திக்குத் துணி மாத்த மட்டும் ஃபண்டு இல்ல.

நாம எந்த மண்ணுல உக்காந்திருக்கோம்னாவது யோசிங்க. 1706-ல லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கின தரங்கம்பாடி நமக்கு ஒரு பஸ் தூரம். லூத்தரே பள்ளிக்கூடப் பையனா ஐசனாக் ஊர்ல வீட்டு வாசல் வாசலா பாடிச் சாப்பாடு வாங்கினவர்தான். கீர்த்தனை எழுதின வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல பாளையங்கோட்டையில பிறந்து, சின்னப் பையனா மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோட தஞ்சாவூருக்கு வந்து, இங்கேயே பாடிப் பாடி 1864-ல கண்ணை மூடினவர். 1820கள்ல புதுசா வந்த மிஷனரிங்க கோயில்ல கீர்த்தனை வேண்டாம்னு கை வச்சப்ப எதுத்து எழுதினவர் அவர். (சாதி விஷயத்துல அவர் நின்ன எடம் எனக்குக் கொஞ்சமும் ஒப்புதல் கிடையாது, அதையும் சொல்லிடறேன்.) அன்னைக்கு வெளிநாட்டுக்காரங்க செஞ்சாங்க, இன்னைக்கு நாமளே செய்யறோம். ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூர்ல வைத்தியமும் பார்த்து, தமிழிசையையும் ஆராய்ஞ்சு 1917-ல கருணாமிர்த சாகரம் கொண்டு வந்தார், மருந்தும் பாட்டும் ஒரே கையில, எனக்கு ரொம்பப் பிடிச்ச மனுஷன். நம்ம வாலிபர் சங்கம் போன வருஷம் அடிச்ச போஸ்டர்ல சாஸ்திரியார் பேருக்கு மேல மாயவரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை படம், அவர் கத்தோலிக்கர், நாவல் எழுதினவர், வேற ஆளு. நான் சொன்னதுக்கு "ரெண்டு பேரும் வேதநாயகம்தானே அக்கா"ன்னு பதில். பேசிப் பிரயோஜனம் இல்ல.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சிடுங்க. பெட்டிக்கு வர்றேன்.

அது சபைப் பணத்துல வாங்கினது கூட கிடையாது. சம்பா அறுப்பு முடிஞ்சு வீட்டுக்கு ரெண்டு மரக்கா நெல்லுன்னு எடுத்து, அதை வித்து வாங்கினதுன்னு எங்க அப்பா சொல்வார். ஆயா வீட்டு நெல்லும் அதுல இருக்கு. 2018 நவம்பர்ல கஜா அடிச்சு கோயில் கூரை ஷீட்டு வயலுக்குப் பறந்தப்ப முதல்ல தூக்கிக்கிட்டு ஓடினது இந்தப் பெட்டியத்தான், செகரட்டரி அண்ணே, ஒரு பக்கம் நீங்கதான் பிடிச்சீங்க, மறந்துட்டீங்களா? கோயிலுக்குக் கரண்டு இன்னும் வரல, கீபோர்டு செத்த பொணமா கிடந்துச்சு, அந்தக் கிறிஸ்மஸை மெழுகுவத்தி வெளிச்சத்துல பெட்டிய வச்சுத்தான் ஓட்டினோம். அன்னைக்குப் பாடின மாதிரி நம்ம சபை அதுக்கப்புறம் பாடவே இல்ல.

அதனால தயவுபண்ணி ஏல லிஸ்ட்லேர்ந்து அதை எடுத்துடுங்க. ஏலத்துல எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கீங்களோ அந்தத் தொகையை நான் காணிக்கையாவே கட்டிடறேன், ரசீது கூட வேண்டாம். துருத்தி ரிப்பேருக்கு கும்பகோணத்துல ஆளைப் பார்த்து வச்சிருக்கேன். வாத்தியார் இப்ப இல்ல, எனக்கு அவர் அளவுக்கு வாசிக்க வராது, ஆனா சுதி பிடிச்சு நிறுத்திப் பாடம் சொல்ற அளவுக்கு வரும். பிள்ளைங்க அஞ்சு பேர் வந்தாப் போதும், ஆயா பேத்தி வர்றேன்னு சொல்லியிருக்கு, அதோட சேர்த்து இப்ப நாலு பேர் தேறியிருக்காங்க.

வர்ற சனிக்கிழமை எனக்கு மார்னிங் டூட்டி. ரெண்டு மணிக்கு முடியுது, பஸ்ஸு ஒழுங்கா கிடைச்சா நாலு மணிக்கு வந்துடுவேன். சாவியைக் கோயிலைப் பாத்துக்கற கோயில்பிள்ளைகிட்ட குடுத்து வைங்க.

இப்படிக்கு,
சனிக்கிழமை வகுப்புல உங்களோட உக்காந்து கத்துக்கிட்ட ஒரு சகோதரி